நக்ஷே பேப்பர் அஞ்சு

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. பேப்பர் வாங்கிட்டு வரணும்.

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா ஒரு ஆஸ்பத்திரியில வார்டு ஆயா. பத்தாவதுல கணக்குல மட்டும் கோட்டை விட்டவ. இப்ப பத்தாவது பாஸ் பண்ணிட்டா அங்கயே அசிஸ்டென்ட் வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பெட்பேன் தூக்கறதுல இருந்து விடுதலை! அதுக்காக சர்ச் ஹால்ல ரோசலின் டீச்சர் நடத்தற கணக்கு கிளாஸுக்குப் போறா. அவளோட இன்னும் நாலு பேர். எல்லாரும் வேலைக்குப் போற பொம்பளைங்க.

டீச்சர் கறாரா சொல்லிட்டாங்க. "சனிக்கிழமை டெஸ்ட்ல பாஸானவங்கதான் இந்த வருஷம் பரீட்சை எழுதலாம். மத்தவங்க அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

காலையில டூட்டிக்குக் கிளம்பற அவசரத்துல ஸ்டெல்லா சொன்னா.

"ஏங்க, நக்ஷே பேப்பர் அஞ்சு வாங்கிட்டு மூணு மணிக்கு நேரா ஹாலுக்கு வந்துடுங்க. எல்லாருக்கும் சேர்த்து நீங்களே வாங்கிட்டு வருவீங்கன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு அது?"

"ரெண்டு கோடு எங்க சந்திக்குதுன்னு கண்டுபிடிக்கணும்ங்க. மறந்துடாதீங்க!"

மறக்கல. மறந்து தொலைச்சிருக்கலாம்.

தேவராஜ மொஹல்லா கடைவீதியில பைக்கை நிறுத்த இடம் தேடி ரெண்டு சுத்து சுத்தி, ஒரு ஸ்டேஷனரி கடையில போய் நின்னேன்.

"நக்ஷே பேப்பர் ஐது கொடி"ன்னு எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல அஞ்சு கேட்டேன்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாவுது சார்? இண்டியாதா, கர்நாடகதா?"

கன்னடத்துல நக்ஷேன்னா மேப். கணக்கு டெஸ்டுக்கு மேப் எதுக்குடான்னு அங்கயே யோசிச்சிருக்கணும். யோசிச்சேன் மக்களே. அதுதான் வினையே.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். எடுக்கல. வார்டுல இருந்தா எடுக்க மாட்டா. சரி, பரீட்சை வைக்கிறது கர்நாடகா, அப்ப கர்நாடகாதான்னு முடிவு பண்ணேன்.

அவர் விடல. "ஜில்லெதா, நதிதா?"

ஜில்லாவா, நதியா? இங்கதான் என் மூளை பளிச்சுன்னு வேலை செஞ்சது. ரெண்டு கோடு சந்திக்கிற இடம்! மேப்ல நதி வேற என்ன, கோடுதானே? கபினி ஒரு கோடு, காவேரி ஒரு கோடு. ரெண்டும் டி. நரசீபுரத்துல சந்திக்குது. முடிஞ்சுது! அவ ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிற கணக்கை நான் கடை வாசல்ல நின்னே போட்டுட்டேன்.

"நதி!"ன்னேன். எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு.

ஹாலுக்குப் போனப்ப அஞ்சு பேரும் பென்சிலைச் சீவிக்கிட்டு ரெடியா உக்காந்திருந்தாங்க. ஸ்டெல்லா யூனிஃபார்மோட வந்திருந்தா. மேப் சுருளை அவ கையில குடுத்து, காதுக்கிட்ட குனிஞ்சு மெதுவா சொன்னேன்.

"டி. நரசீபுரம். யார்கிட்டயும் சொல்லாத."

"என்னங்க?"

"விடை."

ஜுரத்துல உளர்ற பேஷன்ட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தா. அப்புறம் சுருளைப் பிரிச்சா.

"ஐயோ! இது என்னங்க?"

"நக்ஷே."

"இது மேப்புங்க!"

"நக்ஷேன்னா மேப்தானே?"

"கணக்குல நக்ஷேன்னா கிராஃபுங்க! கட்டம் கட்டமா இருக்குமே, அதுங்க! கடவுளே, நாலு பேர்கிட்ட வேற வாக்கு குடுத்தேனே!"

ரோசலின் டீச்சர் வந்து ஒரு மேப்பை எடுத்து நிதானமா பார்த்தாங்க.

"தமிழ்லயும் அதே கூத்துதான் சார். மேப்பும் வரைபடம், கிராஃபும் வரைபடம். ஆனா கணக்கு டெஸ்டுக்கு நதி வாங்கிட்டு வந்த ஆளை இப்பதான் பார்க்கிறேன்."

மார்க்கெட்டுக்குத் திரும்பப் போய் வர்றதுக்குள்ள டெஸ்டே முடிஞ்சிடும். டீச்சர் மேப்பைத் திருப்பினாங்க. பின்பக்கம் வெள்ளை.

"ஸ்கேலை எடுங்க சார். சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. குறுக்க, நெடுக்க. அஞ்சு பேப்பருக்கும்."

"நானா டீச்சர்?"

"பின்ன, கபினியா வந்து போடும்?"

ஒரு அக்காவுக்குச் சந்தேகம். "டீச்சர், அவர் இங்கயே உக்காந்தா ஸ்டெல்லாவுக்கு விடை சொல்லிடுவாரே?"

"சொல்லிட்டார்க்கா. டி. நரசீபுரமாம்"னா ஸ்டெல்லா.

ஹாலே சிரிச்சுது. நான் தலையைக் குனிஞ்சு கோடு போட்டேன்.

முதல் பேப்பர் அச்சடிச்ச மாதிரி வந்துச்சு. ரெண்டாவதும் பரவாயில்ல. மூணாவதுல கை வலிக்க ஆரம்பிச்சுது. நாலாவதுல கண்ணு பூத்துப் போச்சு. அஞ்சாவதுல ஸ்கேல் அது பாட்டுக்கு நகருது, நானும் அது பின்னாடியே போறேன். ஒரு கட்டம் ஒல்லி, ஒரு கட்டம் குண்டு.

ஸ்டெல்லா நல்ல பேப்பரை எல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்துட்டா. "என் வீட்டுக்காரர் பண்ண வேலை. கடைசி பேப்பர் எனக்கே இருக்கட்டும்."



டீச்சர் போர்டுல எழுதினாங்க. x + y = 5. 2x − y = 4. ரெண்டுக்கும் கோடு போடணும், சந்திக்கிற புள்ளியைச் சொல்லணும்.

ஸ்டெல்லா மளமளன்னு அட்டவணை போட்டா. மூணு புள்ளி வெச்சா. ஸ்கேலை வெச்சா. நடுப்புள்ளி தள்ளி நிக்குது. அழிச்சா. திரும்ப கணக்கு போட்டா. திரும்பவும் அதே இடம். இன்னொரு தடவை அழிச்சா.

"மூணும் நேரா வரணும்ங்க. வரலைன்னா கணக்கு தப்பு"ன்னு முணுமுணுத்தா. கண்ணு கலங்கிடுச்சு.

என்னால தாங்க முடியல. எழுந்து நின்னுட்டேன். "டீச்சர்! அவ கணக்கு தப்பா இருக்காது! என் கட்டம்தான் கோணல்!"

"சார், டெஸ்ட் நடக்குது. உக்காருங்க."

உக்காந்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தா. கட்டத்தைப் பார்த்தா. ஒல்லிக் கட்டத்து மேல ஒரு தடவை, குண்டுக் கட்டத்து மேல ஒரு தடவை ஸ்கேலை வெச்சு அளந்தா. அப்புறம் ஸ்கேலைத் தூரப் போட்டுட்டு, ரெண்டு கோட்டுக்கும் புள்ளிகளைக் கையாலயே வளைச்சு இணைச்சா. கீழ ஏதோ எழுதிக் குடுத்துட்டா.

டீச்சர் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சாங்க. "ஸ்டெல்லா, நேர்கோடு ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பின்பக்கம் கபினி ஓடுதுல்ல டீச்சர்!"

யாரும் சிரிக்கல. டீச்சர் கீழ எழுதியிருந்ததைச் சத்தமா படிச்சாங்க. "ரெண்டு கோடும் (3, 2)-ல சந்திக்குது. போட்டுப் பார்த்தேன். மூணும் ரெண்டும் அஞ்சு. ஆறுல ரெண்டு போனா நாலு. கணக்கு சரி. கட்டம் போட்டவர் சரியில்ல."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாங்க.

"ஸ்டெல்லா பாஸ்"னாங்க. பேனாவை மூடிட்டு என்னைப் பார்த்தாங்க. "கட்டம் போட்டவர் ஃபெயில்."

மத்த நாலு பேரும் பாஸ். பைக்ல பின்னாடி உக்காந்து வீடு வர்ற வரைக்கும் ஸ்டெல்லா சிரிச்சுக்கிட்டே வந்தா. எனக்கும் தாங்க முடியாத சந்தோஷம்தான், வெளிய காட்டிக்கல.

கத்துக்கிட்டது இதுதான் மக்களே: ரெண்டு கோடு சந்திக்கிற இடம் எப்பவும் டி. நரசீபுரம் கிடையாது.