நாணயமில்லாத் தோட்டம்

இப்போதெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எதையும் வாங்குவதில்லை. போன் கண்ணாடியைத் தடவுகிறார்கள், போய்விடுகிறார்கள். அழகமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வரலாறு அவரைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? யட்டியாந்தோட்டைக்கு மேலே, பஸ்கூட எட்டிப் பார்க்காத ஒரு றப்பர் தோட்டம் உலக நாடுகளையெல்லாம் முந்திச் சென்ற ஞாயிற்றுக்கிழமை அது.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் பதாகை தொங்கியது. 'கேஷ்லெஸ்' என்ற சொல்லைக் கொழும்பில் ஒரு நிபுணர் குழு மூன்று நாள் கூடித் தமிழாக்கியிருந்தது: 'நாணயமில்லாத் தோட்டம் – அங்குரார்ப்பண விழா'. மூன்றாம் வகுப்போடு றப்பர் பால்வாளி தூக்கப் போன அழகமுத்து, அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். எங்கேயோ பிழை என்று பட்டது. ஆனால் அவர் வந்த காரியம் வேறு. மனைவி ஜெயம்மாவின் பிரஷர் மாத்திரை முடிந்து மூன்று நாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். மருந்துக்கடை மர்சூக் முதலாளி விழாவுக்கென்றே மாத்திரைகளோடு வந்து மேசை போட்டிருந்தார்.

இருந்தவர்களில் மூத்தவர் என்பதால் 'முதலாவது டிஜிட்டல் முதியோர்' பட்டம் அழகமுத்துவின் தலையில் விழுந்தது. திட்ட அதிகாரி இந்திரகுமார் அவர் கையில் ஒரு போனைக் கொடுத்து, அவர் மடியிலிருந்த ஆயிரம் ரூபாய் நோட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் 'தற்காலிகமாக' வைத்துக்கொண்டார். அந்த ஆயிரம் இனிப் போனுக்குள் வருமாம். தட்டினால் மர்சூக்கின் போனுக்குப் போகுமாம்.

போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னா தம்பி இது?"

"ஒங்க காசு வந்துக்கிட்டு இருக்கு தாத்தா."

"எங்கருந்து?"

"கொழும்புலருந்து."

"ஒங்க பையிலதான போட்டீங்க. அது எப்பக் கொழும்புக்குப் போச்சு?"

இந்திரகுமார் பொறுமையின் சிகரம். பையில் இருப்பது வேறு, வருவது வேறு என்று விளக்கினார். கொழும்பிலுள்ள கணினி, அழகமுத்து அழகமுத்துதானா என்று விசாரித்துத் திருப்தியடைந்த பிறகே காசு மலையேறும். மர்சூக்கின் மேசையோ இரண்டு முழத் தூரத்தில் இருந்தது.

"அந்த நோட்ட எடுங்க. நானே எட்டிக் குடுத்துர்றேன்."

"அப்பிடிக் குடுத்தா முன்னேற்றம் எங்க தாத்தா இருக்கு?"

சிக்னலுக்காக அவரைப் பெஞ்சின்மேல் ஏற்றி, போனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். எழுபத்து மூன்று வயதில் தோட்டம் அவரை உயர்த்தியது அதுவே முதல் தடவை. ஒரு மணி நேரம் உயர்ந்து நின்றார்.

மர்சூக்கால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. எழுந்து வந்து மாத்திரை அட்டையை அவர் கையில் வைத்தார்.

"எறங்குங்க அண்ணே. கொண்டு போய்க் குடுங்க. சல்லிய பொறகு பாத்துக்குவம்."

இந்திரகுமாரின் முகம் மலர்ந்தது. மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா? ஒரு சதங்கூட கைமாறாம நம்ம தாத்தா மருந்து வாங்கிட்டாரு." கைதட்டல் அடங்கியதும் படம் பிடிக்கும் நேரமாகிவிட்டது.

தன் ஆயிரத்தை அழகமுத்து கேட்டார். அதைத்தான் அனுப்பியாகிவிட்டதே, திங்கட்கிழமைக்குள் வந்துவிடும் என்று இந்திரகுமார் பையைத் தடவியபடி சொன்னார்.

அழகமுத்து போனை மேசையில் வைத்தார். மாத்திரையைச் சாரத்து மடியில் செருகினார். வாசலில் நின்று பதாகையை அண்ணாந்து பார்த்தார்.

"படிச்சவங்க பிழையா எழுதிட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி. சரியாத்தான் எழுதியிருக்காங்க. மர்சூக் மொதலாளி பேர மட்டும் அதுல சேத்துராதீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் லயத்து வீட்டுக்கு ஏற்றத்தில் நடந்தார்.