கண்ணாடிப் பெட்டியும் கைக்குட்டையும்

என் மனைவியை ஒரு நடுவர் முன்னால் தோற்கடித்தே தீருவது என்று போன ஆடி மாதம் முடிவு செய்தேன்.

இதில் நடுவர்தான் முக்கியம். வீட்டில் நடக்கிற வாக்குவாதங்களில் நான் தோற்பதற்கு என் கருத்து காரணம் அல்ல. தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம். பந்து போடுகிறவரே கையைத் தூக்கி அவுட் கொடுத்தால் எவன் நின்று ஆட முடியும்?

என் பெயர் சவுரிராயன். திண்டிவனத்தில் மேம்பாலம் இறங்குகிற பக்கத்தில் ‘சவுரி கம்ப்யூட்டர்ஸ்’ என்று கடை வைத்திருக்கிறேன். எனக்கு வைத்த தாத்தா பெயரில் பாதி. பலகையின் முதல் வார்த்தையை மட்டும் படித்துவிட்டு, பின்னலுக்கு வைக்கிற முடி கேட்டு உள்ளே வந்த பெண்கள் உண்டு. இல்லையென்று சொன்னால், அப்புறம் எதுக்கு இந்தப் பேரு என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வீடியோ கேம் ஆடுவதற்கென்றே பெரிய கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுப்பது என் தொழில். கடை நடுவில் மாதிரிக்கு ஒன்று வைத்திருந்தேன். பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே காற்றாடிகள் சுழலும். பச்சையும் நீலமும் சிவப்புமாக விளக்கு மாறி மாறி எரியும். மாதா கோயில் தேர் போல இருக்கும். அதில் கேம் ஓடினால் கதாநாயகனின் தலைமுடி தனித்தனியாகக் காற்றில் பறக்கும். மழை பெய்தால் தரையில் தேங்கிய தண்ணீரில் விளக்குகளின் நிழல் நெளியும். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டை மறந்திருக்கிறேன்.

மனைவி மலர்விழி கல்யாணத்துக்கு முன் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தவள். மஞ்சள் நீராட்டு விழாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் திண்டிவனத்தில் அவள் கை படாத முகம் குறைவு. இறந்துபோனவர்களைக்கூடச் சிரித்த முகமாக்கிவிடுவாள். உயிரோடு இருக்கிற எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

மத்தியானம் நான் சாப்பிடப் போகும்போது கடையை அவள் பார்த்துக்கொள்வாள். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத ஒரு பழைய லேப்டாப்பில், யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து, அவளே ஒரு கேம் செய்தாள்.

விஷயம் இவ்வளவுதான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு. திருவெண்ணெய்நல்லூர் பஸ் திரும்பி உள்ளே வருகிறது. கையில் பையோடு ஒரு பெண் அதன் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து சீட்டுப் பிடிக்க வேண்டும். குறுக்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு ஒருவர் வருவார். உள்ளே இருக்கிற கிழவி நம் கைக்குட்டையை எடுத்து வெளியே வீசுவாள். பிடிக்க முடியாவிட்டால் ‘நின்னுக்கினே போ’ என்று எழுத்து வரும். படம் என்று பார்த்தால் ஆட்கள் தீக்குச்சி, பஸ் செங்கல். தலைமுடியா? தலையே ஒரு புள்ளிதான்.

என் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க வந்த கல்லூரிப் பசங்கள் அந்த ஓட்டை லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று ராத்திரி சோற்றுக்கு முன்னால் சண்டை ஆரம்பித்தது.

கேம் என்றால் மெஷின் பலம்தான், மற்றதெல்லாம் பேச்சு என்றேன். பலம் இருந்தா ஆட்டம் வந்துடுமா என்றாள். நான் தண்ணீரில் தெரியும் நிழலைப் பற்றிச் சொன்னேன்.

“நம்ம வூட்டுத் தொட்டியிலகூட நிழலு தெரியுது. கழுவத்தான் ஆள் இல்ல,” என்றாள்.

போய்த் தொட்டியைக் கழுவினேன்.

அந்த வாரம்தான் கோகுலகிருஷ்ணன் கடைக்கு வந்தார். விழுப்புரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். கல்லூரி விழாவில் பட்டிமன்றம் வைக்கிறார்களாம். தலைப்பு: வீடியோ கேமுக்கு உயிர் கொடுப்பது இயந்திர பலமா, கற்பனை வளமா? இயந்திரத்துக்கு நான் பேச வேண்டும். நடுவர் சுப்பராயலு ஐயா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எந்தத் தலைப்பானாலும் கடைசியில் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி, சால்வை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எதிரணிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். என் மனைவியைப் போடுங்கள் என்றேன்.

கோகுலகிருஷ்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது.

திட்டத்தைப் பக்குவமாகப் போட்டேன். பேசுகிறவர்கள் ஆளுக்கொரு கேமை மேடையில் காட்ட வேண்டும் என்று விதி வைக்கச் சொன்னேன். அவள் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். வீட்டில் கடைசி வார்த்தை ஒருநாளும் எனக்குக் கிடைத்ததில்லை. விழுப்புரத்திலாவது கிடைக்கட்டும். கடையில் இருந்த ஓரளவு நல்ல லேப்டாப்பை சர்வீஸ் என்று சொல்லி எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். அவளுக்கு அந்தப் பழையது மட்டும்தான் மிச்சம்.

மலர்விழி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. முதலில் பேச வேண்டுமா, சரி. லேப்டாப் இல்லையா, சரி. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பட்டிமன்றத்தன்று காலை குட்டி யானை வண்டி பிடித்தேன். கண்ணாடிப் பெட்டியைக் கல்யாணச் சீராக வந்த கம்பளியில் சுற்றி ஏற்றினேன். விழுப்புரம் வரைக்கும் பின்னால் உட்கார்ந்து கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம் கெஞ்சினேன். முன்சீட்டில் இடமிருந்தும் அவள் வரவில்லை. பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கைப்பையோடு கிளம்பினாள். எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து டீயும் குடித்திருந்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. மலர்விழி மைக்கைப் பிடித்தாள். தடுமாறுவாள் என்று எதிர்பார்த்தேன். பேனர் கடையில் பத்து வீட்டுக்காரர்களிடம் ஒரே நேரத்தில் பேச்சு வாங்கியவளுக்கு மேடை எம்மாத்திரம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

“எங்க வூட்டுக்காரர் சொல்றது நெஜந்தான்,” என்றாள். “பெரிய மெஷின் இருந்தா நல்லாத்தான் இருக்கும். எங்கிட்ட இல்ல. அதனால ஒங்க எல்லார் கையிலயும் இருக்கிறதுல ஓடுற மாதிரி செஞ்சுக்கினு வந்தேன். இவரு பேசி முடிக்கிற வரைக்கும் ஆடிக்கினு இருங்க.”

அவ்வளவுதான் பேச்சு. திரையில் ஒரு கியூஆர் கட்டம் வந்தது. எல்லோரும் போனைத் தூக்கி அதைப் படம் பிடித்தார்கள். அடுத்த நொடி எல்லாத் தலையும் குனிந்தது.

என் முறை வந்தது. பெட்டியை ஓட விட்டேன். ஏதாவது பழுதாகியிருந்தால்கூட என் மானம் தப்பியிருக்கும். பழுதாகவில்லை. பிரமாதமாக ஓடியது. பெரிய திரையில் மழை பெய்தது. தண்ணீரில் விளக்குகள் நெளிந்தன. கதாநாயகனின் தோல் சட்டையில் ஒவ்வொரு மழைத்துளியும் தனித்தனியாக வழிந்தது. நான் நான்கு ராத்திரி மனப்பாடம் செய்த பேச்சை குனிந்த உச்சந்தலைகளை மட்டும் பார்த்துப் பேசினேன். ஒருவரும் நிமிரவில்லை. நடுவர் மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் ஏன் குடை எடுத்துக்கினு வரல என்று என்னிடம் கேட்டார்.

நடுவில் திடீரென்று சிரிப்பு கிளம்பியது. என் பேச்சில் நகைச்சுவை எதுவும் நான் வைக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது மைக்கில்லாமலே கேட்டது:

“புருசன வுட்டுட்டு ஏறுடி. அப்பதான் சீட்டு கெடைக்குது.”

மேடையிலிருந்து இறங்கிப்போய் ஒரு போனை எட்டிப் பார்த்தேன். கடையில் நான் பார்த்திராத ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தாள். பஸ்ஸுக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டையில் ஒரு தீக்குச்சி நின்றுகொண்டு, இந்த வண்டி எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று கண்டக்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தது. அதுதான் புருசன். அந்தப் பெண் அவனைக் கூப்பிட நின்றால் சீட்டுப் போய்விடும். அவனைக் கண்டுகொள்ளாமல் ஓடினால் ஜன்னலோரம் கிடைக்கும்.

நான் போட்டிருந்ததும் கட்டம் போட்ட சட்டைதான். அவள்தான் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

சுப்பராயலு ஐயா தீர்ப்புச் சொல்ல எழுந்தார். வழக்கம்போல இரண்டு பக்கத்தையும் பாராட்டப்போகிறார் என்று ஒரு நப்பாசை. ஒருமுறை ஆடிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமில்லை என்று ஒரு மாணவனிடம் போன் வாங்கினார். ஆடினார். சீட்டுப் போனது. இன்னொரு முறை என்றார். கோகுலகிருஷ்ணன் சால்வையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஐயா தலையை நிமிர்த்தாமலே, “கற்பனைதாம்பா, கற்பனைதான்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனில் ஓடத் தொடங்கினார். அவர் வாழ்நாளில் ஒரு பக்கமாகச் சொன்ன ஒரே தீர்ப்பு.

அதற்குப் பிறகு கடைக்குப் பசங்கள் வந்தார்கள். பெட்டி வாங்க அல்ல. வீட்டில் கிடக்கிற பழைய லேப்டாப்பே போதும் என்று அக்கா சொல்லிட்டாங்க, அதைக் கொஞ்சம் துடைத்துக் கொடுங்கண்ணா என்று வந்தார்கள். துடைத்துக் கொடுத்தேன். என் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பல்லி குடிவந்தது. சூடு அதற்குப் பிடித்திருந்தது. பெட்டியின் பலத்தை முழுதாக அனுபவித்த ஒரே வாடிக்கையாளர்.

ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது நானும் அந்தக் கேமை ஆடினேன். சீட்டுப் பிடிக்க அல்ல. அந்தப் புருசனை எப்படியாவது பஸ்ஸில் ஏற்றிவிட முடியுமா என்று பார்க்க. எப்படி ஓடினாலும் முடியவில்லை. பஸ் கிளம்பிவிடும். அவன் கட்டம் போட்ட சட்டையோடு புகையில் நின்றுகொண்டிருப்பான்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “அந்த ஆள ஏத்த வழியே வெக்கலியா?”

மலர்விழி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “வெச்சிருக்கேன். அவ கூப்புடறப்ப அவன் ஒரு தபா திரும்பிப் பாத்தா போதும், ரெண்டு பேருக்கும் சீட்டு.”

“திரும்பவே மாட்றானே.”

“அதுக்கு நான் இன்னாங்க பண்றது?” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை வடித்தாள்.

வாசலில் போய் நின்றேன். சண்டையில் தோற்பது எனக்குப் பழகிய விஷயம். இது வேறு மாதிரி இருந்தது. அவள் என்னை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் தண்ணீரில் நெளிந்த விளக்குகள்தான்.

ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். ஐப்பசியில் புதுச்சேரியிலிருந்து கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. பட்டிமன்றத்தில் ஆடிய யாரோ மூலமாகச் செய்தி போயிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். அவளுக்கு எந்த மெஷின் வேண்டுமோ அதைக் கம்பெனியே வாங்கிக் கொடுக்கும்.

கடையில் ஒன்று விலைபோகாமல் நிற்கிறது. மனசு கணக்குப் போட்டது. அவள் மனசை முதலில் குளிர வைக்க வேண்டும். பிறகு, கம்பெனியை நம் கடைப் பெட்டியையே வாங்கச் சொல்லேன் என்று கேட்க வேண்டும். இரண்டே வாக்கியம். முதலாவது கொஞ்சம் கசக்கும். பரவாயில்லை.

டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

“மலரு, நீ சொன்னதுதான் சரி. மெஷின் ஒண்ணுமே இல்ல. கற்பனைதான் எல்லாம்.”

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எப்பங்க அப்பிடிச் சொன்னேன்? இனிமே பெரிய வேல செய்யணும். மெஷின் இல்லாம கற்பனைய வெச்சிக்கினு இன்னா பண்றது?”

“அன்னைக்கி மேடையில…”

“மேடையில அந்தப் பக்கம் நீங்க போய் நின்னுக்கினீங்க. மிச்சம் இந்தப் பக்கந்தான் இருந்துது.” டம்ளரைக் கீழே வைத்தாள். “நானே எப்பிடிக் கேக்கறதுன்னு ரோசன பண்ணிக்கினு இருந்தேன். ஒங்களுக்கு அது உசுராச்சே, குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு. ஒண்ணுமே இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப அது கடையில எதுக்குங்க சும்மா நிக்கிது? கம்பெனிக்காரங்ககிட்ட எங்க வூட்லயே இருக்குது, வாங்க வேணாம்னு சொல்லிட்றேன்.”

போனை எடுத்து உடனே சொல்லியும் விட்டாள். இரண்டாவது வாக்கியம் என் வாயிலேயே இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் காலையில் குட்டி யானைக்கு நானே சொல்லி அனுப்பினேன். பல்லியை நானே விரட்டினேன். வீட்டு மாடிப்படியில் பெட்டியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, பாதியில் இடுப்பில் ஏதோ பிசகிச் சுளீரென்றது. என்னையறியாமல் அம்மா என்று கத்திவிட்டேன்.

மலர்விழி பதறிக்கொண்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

“பாத்துங்க,” என்றாள், “கண்ணாடி.”