வில்லோ ஆற்றுப் பாலத்தில் நாலு துளை

பெல்மார் மாவட்டம், ஒஹாயோ
1979 செப்டம்பர் 10, திங்கள்

என் பிரியமுள்ள அக்கா லுவெல்லாவுக்கு, தம்பி ஆர்லோ எழுதிக்கொள்வது. வெர்னாவும் நானும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. ஃப்ளோரிடா வெயில் உன்னை அதிகம் வாட்டாதிருக்கட்டும்.

அக்கா, நம் பாலத்தை இடிக்கப்போகிறார்கள். நீ முதன்முதலாக ஹோமரின் கையைப் பிடித்து நடந்தாயே, அதே இரும்புப் பாலம். யார் கட்டியது, எந்த ஆண்டு என்று இன்று மாலை மாவட்டக் கூட்டத்தில் சான்று காட்டினால் விட்டுவிடுவார்களாம். பத்து நாளாக விடிந்ததும் அங்கே போய்விடுகிறேன். பனியில் பாதிப் பாலம்தான் தெரியும்; மீதி அக்கரையில் இன்னும் தூங்குகிற மாதிரி இருக்கும். துருவைத் தேய்க்க ஆரம்பித்தால் தண்ணீர்ச் சத்தத்தில் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோகும், வெர்னா வந்து கார் ஹாரனை அடிச்சாத்தான் நினைவு திரும்பும். அப்படித் தேய்த்ததில் ஓர் உத்தரத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். கட்டினவன் கிடைச்சுட்டான்னு போன வாரக் கூட்டத்துல மார்தட்டினேன். இன்ஜினியர் பெண் மிஸ் கெஸ்லர், "அது இரும்பு உருக்கின ஆலையோட பேரு, சார். மாவு மூட்டையில இருக்கிற பேரைப் பார்த்துட்டு கேக் செஞ்சது இவர்தான்னு சொல்வீங்களா?" என்றாள். ஊரே சிரிச்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நல்ல பெண், மறுநாள் அவளே பாலத்துக்கு வந்தாள். "மூட்டெல்லாம் இரும்பு முளை செருகினது, அந்தக் காலத்து முறை. நூறு வருஷம் இருக்கும். ஆனா உத்தேசம் பத்தாது" என்றவள், பாலத்து நுழைவின் உச்சியில் நாலு துளையைக் காட்டினாள். "கட்டினவங்க பேர்ப் பலகை இங்கதான் இருந்திருக்கு. யாரோ கழட்டிட்டாங்க."

"யாரோ என்ன யாரோ! பக்கத்து கிரேடன் மாவட்டத்துக்காரன்தான்!" என்று கத்தினேன். பலகையில் கம்பெனி பெயர், ஆண்டு, கீழே மாவட்டத் தலைவர்கள் மூவர் பெயர் இருக்குமாம். அதில் முதல் பெயர் தாத்தாவுடையது என்று அப்பா சொல்லாத ஞாயிறு உண்டா? பொறாமை, அக்கா! ஆப்பிள் பை சுடுகிற போட்டியில் வருஷா வருஷம் நம்மிடம் தோற்கிற கூட்டம் வேறென்ன செய்யும்? நேற்று சர்ச் விருந்தில் மைக்கைப் பிடுங்கி இதையே சொன்னேன், திருட்டுப்பசங்கன்னும் சொன்னேன். என்ன சொல்லி என்ன, பலகை இல்லை.

ஹோமரின் கல்லறைக்கு என் சார்பில் ஒரு பூ வை. உன் பேரப்பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
ஆர்லோ

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது வெர்னா கூப்பிட்டாள். கோழிக்கூட்டு வாசலில் அப்பா படியாகப் போட்டிருந்த இரும்புப் பலகையை, கழுவலாமென்று புரட்டியிருக்கிறாள். நாலு மூலையிலும் துளை. கம்பெனி பேர் இருக்கு, 1878 இருக்கு. கீழே மூணு பேரு, தாத்தா இல்ல. மூணு பேரும் கிரேடன் மாவட்டத் தலைவருங்க! அவங்க வேண்டாம்னு கழிச்ச பழைய பாலத்தை வாங்கித் தாத்தா நம்ம ஆத்துல நிறுத்தியிருக்கார், பலகையை அப்பா கழட்டி மறைச்சிருக்கார். "பாலம் வேணுமா, மானம் வேணுமா?"ன்னு வெர்னா கேட்டா. நான் யோசிக்கிறதுக்குள்ள பலகையைக் கார்ல ஏத்திட்டா. இதோ, ஹாரன் அடிக்கிறா. மைக்ல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, அக்கா. ஆனா பாலம் நிக்கும்.