எடை மேடையில் எங்கள் குடும்பம்

குழந்தை நடக்கப் பழகும்போது விழுந்தால் வாரியெடுத்துக் கொஞ்சுகிற அப்பாக்கள், அதே குழந்தை கார் பழகும்போது எமதர்மனாகி விடுகிறார்கள். இது உலக நியதி. எங்கள் நைனாவும் (ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விதிவிலக்கல்ல.

அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் குரலைக் கேட்டால் ஃபர்னஸே கொஞ்சம் ஆறிப்போகும் என்பார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். கைக்கு வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய காரில் என்னை ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்கே போனார். விடுமுறை நாளில் அங்கே சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும். பின் சீட்டில் அம்மா, மடியில் எலுமிச்சை சாதமும் தண்ணீர் பாட்டில்களும் அடைத்த பை. (மகள் கார் பழகுவதை அம்மா பிக்னிக் என்று நினைத்துவிட்டாள்.)

"கிளட்ச்ச மெள்ள வுடுன்னா, இன்னாத்துக்கு தவளை மாரி குதிக்க வுடுற?"

"நீ கத்தாம இரு நைனா, வுடுறேன்!"

இப்படியே இரண்டு தெரு போனோம். நான் மூன்றாவது கியருக்கு வந்துவிட்ட கர்வத்தில் இருந்தபோது, எதிரே ஸ்கிராப் லாரி ஒன்று திரும்பியது. சாலை அகலம்தான், இடமும் இருந்தது. ஆனால் எனக்கு அந்த லாரி என்னைத் தேடியே வருவதாகத் தோன்றியது. இடது பக்கம் ஒரு கேட் திறந்திருக்க, ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.

வாட்ச்மேன் துள்ளி ஒதுங்கினார். கார் ஒரு சரிவில் ஏறி, இரும்பு மேடை ஒன்றின் நட்டநடுவில் குலுங்கி நின்றது. நைனா தலையில் கைவைத்துக்கொண்டார். அது லாரிகளை நிறுக்கும் எடை மேடை. அதுவும் அவர் வேலை பார்க்கும் ஆலையின் எடை மேடை.

அந்த லாரியும் எடை போடத்தான் வந்திருக்கிறது. எங்கள் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நான் ஸ்டார்ட் செய்ய, வண்டி குதிக்க, அணைய, மறுபடி குதிக்க... ஞாயிறு ஷிப்டுக்கு வந்திருந்த கூலியாட்கள் கூடிவிட்டார்கள்.

"பாரம் கொறஞ்சா கெளம்பும்" என்று அம்மா பையோடு இறங்கி மேடையைவிட்டு வெளியே போனாள். தலைக்கு மேலே பலகையில் சிவப்பு எண்கள் சட்டென்று இறங்கின. எடை போடும் முருகேசனுக்கு மைக்கில் சொல்லியே பழக்கம்.

"அண்ணே, தொண்ணூறு கிலோ எறங்கிச்சு!"

வீட்டில் அம்மா தன் எடை எழுபது என்று சொல்லி வந்தவள்.

"அவன் கண்ணுல கொள்ளிய வைக்க! பையயும் சேத்து சொல்றான்!" என்று திரும்பி வந்து, பையை மட்டும் மேடையில் வைத்தாள்.

"பையி அஞ்சு கிலோ! அக்கா எண்பத்தஞ்சு!"

லாரி டிரைவர் ஸ்டீயரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். அதைக்கூட அம்மா மன்னித்திருப்பாள். ஆனால் பக்கத்து சீட்டிலிருந்து நைனாவும் சிரித்துவிட்டார். (வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அந்த வளாகத்தில் சிரித்தது அன்றைக்குத்தானாம்.)

"ரெண்டு பேரும் சேந்து என் மானத்த வாங்கிட்டீங்க இல்ல? நான் ரயில்ல போய்க்கிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு அம்மா ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். கடைசியில் பேட்டரியும் இறங்கிப்போய், நாலு பேர் தள்ளித்தான் கார் மேடையைவிட்டு இறங்கியது. நானும் நைனாவும் மதியம் பட்டினி. எலுமிச்சை சாதம் ரயிலில் போய்விட்டது.

மறுவாரமே அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இனி இந்த அப்பனையும் மகளையும் நம்பி வண்டியில் ஏறக்கூடாது என்பது அவள் வைராக்கியம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. எனக்கு மூன்றாவது தடவை.

இன்று எங்கள் வீட்டில் டிரைவர் அம்மாதான். நைனா பின் சீட்டில் வாயைத் திறக்காமல் வருவார். போன மாதம் கிளினிக்கில் ஒரு நர்ஸ், "உங்க வெயிட் எவ்ளோம்மா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"என்னை ஏம்மா கேக்குற?" என்றாள் அம்மா. "கும்மிடிப்பூண்டில எந்த லாரிக்காரன வேணா கேளு, சொல்வான்."