வைகாசியில் ஹீட்டர் போட்டவள்

திருநெல்வேலிக்காரர்களுக்குக் காரில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் தொட்டதில்லை. நான் தொட்டிருக்கிறேன். அதுவும் வைகாசி மாதத்தில், கோட்டு சூட்டு போட்ட புது மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. (அதற்குப் பிறகும் அவர் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான் தாலி கட்டினார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தைரியமாக மேலே படிக்கலாம்.)

என் கார் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். டர்போ வைத்தது. அதாவது, வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சுழலியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற ஏற்பாடு. வாங்கிய நாள் முதல் நான் அதைச் சும்மா விடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘புஸ்ஸ்ஸ்’ என்று காற்று விடும் ஒரு வால்வைப் பூட்டினேன். (பயன்: புஸ்ஸ்ஸ்.) டர்போ காற்றைக் குளிர வைக்கப் பெரிய இன்டர்கூலர் வாங்கினேன். அதை வைக்க இடம் போதாததால் ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்டினேன். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாக வந்து அடிக்காதா என்பது என் கணக்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வெப்பவியல் நடத்துகிறவள் நான். என் கணக்கு தப்புமா?

தங்கை கோமதிக்குக் கல்யாணம் கூடியபோது, மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரில்தான் மாப்பிள்ளை வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா திறந்த ஜீப் பேசி வைத்திருந்தார். அதை வேண்டாம் என்று சொல்லவைத்தேன். அம்மாதான் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஏட்டி, அழைப்புல இந்த வண்டியால ஒரு சின்னக் கோளாறு வந்தாலும் மறுநாளே வித்துப்புடணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். வாய்க்கொழுப்பு.

அழைப்பு அன்று சாயங்காலம் பூ அலங்காரம் செய்ய வந்தவர், “வண்டி மூஞ்சி மொட்டையா இருக்கக் கூடாதுக்கா” என்று முன்பக்கம் முழுவதையும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் வைத்து அடைத்தார். ரேடியேட்டருக்குக் காற்று போகும் ஒரே வழி அதுதான். நான் தடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் நெருக்கமா வைங்க அண்ணாச்சி” என்றேன். 

பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, மாப்பிள்ளையை முன்னிருக்கையில் ஏற்றினோம். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். அதிர்ந்து பேசாதவர். பின்னிருக்கையில், பேருக்கு இருந்த இடத்தில், அவருடைய அத்தை கால்களை மடக்கி உட்கார்ந்தாள். முன்னால் நாதஸ்வரம், தவில், அதற்கும் முன்னால் வெடி. வண்டி நத்தை வேகத்தில் நகர்ந்தது. கூட்டம் பார்க்கிறதே என்று நான் லேசாக மிதித்துக் காலை எடுத்தேன்.

புஸ்ஸ்ஸ்!

“டயர் போயிட்டு! டயர் போயிட்டு!” தவில்காரர் கையைத் தூக்கிவிட்டார். ஊர்வலம் நின்றது. நாலு பேர் குனிந்து நாலு டயரையும் தட்டிப் பார்த்தார்கள். மறுபடி கிளம்பினோம். மறுபடி புஸ்ஸ்ஸ். மறுபடி தட்டினார்கள். இந்த அழகில் பாதித் தெரு தாண்டியபோது, தற்செயலாக வெப்பமானியைப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

நிறுத்தினால் கோளாறு, கார் போய்விடும். நிறுத்தாவிட்டால் இன்ஜின் போய்விடும். அப்போதுதான் என் படிப்பு கைகொடுத்தது. ஹீட்டரைப் போட்டால் அது இன்ஜினின் சூட்டை உறிஞ்சி உள்ளே இருப்பவர்கள் மேல் விடும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். (உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று பாடத்தில் இல்லை.) ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டர் திருகை முழுசாகத் திருப்பினேன். கண்ணாடியை இறக்கலாமென்றால் அந்த மோட்டார் கெட்டு ஒரு மாதமாகியிருந்தது. டர்போவைக் கொஞ்சியதில் அதைக் கவனிக்க எனக்கு எங்கே நேரம்?

மாப்பிள்ளையின் நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது. பவுடர் கரைந்தது. அவர் வாயே திறக்கவில்லை. அத்தை திறந்தாள்.

“ஏளா, இது காரா, இட்லிக் கொப்பரையா? பிள்ள வெந்துருவான் போலிருக்கே!”

“இன்னா, மண்டபம் வந்துட்டு அத்தை. வெளியில புழுக்கம் சாஸ்தி.”

“வெளியில நிக்கவன்லாம் நல்லாத்தான் நிக்கான். உள்ளதான் காந்துது. அந்தச் சவத்த அமத்துளா!”

காது கேட்காதது போல ஓட்டினேன். முள் சிவப்பைத் தொடாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்; நெல்லையப்பரிலிருந்து வண்ணாரப்பேட்டை மெக்கானிக் வரைக்கும். மண்டப வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், பூவுக்குள்ளிருந்து குபுகுபுவென்று வெள்ளை ஆவி கிளம்பி வாசலையே மறைத்தது. தொலைந்தது, மானம் கப்பலேறியது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கைதட்டல் கேட்டது. விசில்கூடக் கேட்டது. கண்ணைத் திறந்தால் வீடியோக்காரர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு ஓடிவருகிறார்.

“புகை மெஷின் காருக்குள்ளயே வச்சிருக்கியளாக்கா? பிரமாதம்! இன்னொரு வாட்டி விடுங்க!”

ஆவிக்கு நடுவே மாப்பிள்ளை இறங்கினார். தாமிரபரணியில் முங்கி எழுந்தவர் போலச் சொட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஆரத்தித் தட்டோடு அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வண்டியில ஏதும் கோளாறா மாப்ள?” என்றாள்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு அத்தை. எனக்குத்தான் பயத்துல வேத்துட்டு.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் காலில் விழாத குறை. மறுநாள் தாலி கட்டிய கையோடு தனியாகப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஹீட்டர் சத்தம் அப்பமே கேட்டுது மதினி. முள்ளையும் பாத்தேன். இந்தக் காருன்னா உங்களுக்கு உயிருன்னும், அத்தை போட்ட நிபந்தனையும் கோமதி சொல்லியிருக்கா. நின்னா வித்துருவாங்கல்லா? அதான் வெந்தாலும் பரவாயில்லன்னு இருந்துட்டேன்.”

என் தங்கைக்கு நல்ல இடம்தான் அமைந்தது என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். 

பின்னிருக்கை அத்தை சும்மா இருப்பாளா? மறுவீட்டு விருந்தில் அம்மாவிடம் அத்தனையும் ஒப்பித்துவிட்டாள். அம்மா நேரே வாசலுக்கு வந்து, குறட்டால் ஹீட்டர் திருகைப் பிடுங்கினாள். வண்டி நல்லா இருக்கு என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டதால் கார் தப்பியது. இப்போது அதில் பழைய பெரிய விசிறி ஓடுகிறது, புஸ்ஸ்ஸும் உண்டு.

அந்தத் திருகு அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

“இது கடுகு. இது சீரகம். இது எங்க மூத்தவளோட மூளை.”

மாப்பிள்ளை வந்திருந்தால் மட்டும் ஒரு துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வண்டியை எடுங்க மதினி, ஒரு ரவுண்டு போவோம்” என்பார்.