மேடையில் மட்டும் தருகிறவர்

டாக்டர்களில் எத்தனையோ ரகம். நாம் வாயைத் திறக்கும் முன்பே மருந்தை எழுதி முடிப்பவர் ஒரு ரகம், எதைச் சொன்னாலும் "ம்... ம்..." என்று செல்போனைப் பார்ப்பவர் இன்னொரு ரகம். நாம் பார்க்கப்போவது மூன்றாவது ரகம்: உறுப்பு தானத்தை ஊருக்கெல்லாம் உபதேசிப்பவர்.

நம்மவருக்கு நர்சுகள் வைத்த பெயர் 'மைக் டாக்டர்'. கல்லூரியோ, வங்கியோ, நடைப்பயிற்சிச் சங்கமோ, நாலு நாற்காலி போட்டால் ஐந்தாவதில் அவர் இருப்பார். "ஒருத்தர் போனா எட்டுப் பேர் பொழைக்கலாம்!" என்று எட்டு விரல்களை விரிப்பார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். யாராவது எழுந்து, "மூளைச்சாவுக்கும் கோமாவுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டால் மட்டும், "அருமையான கேள்வி!" என்று பாராட்டிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்.

அவர் பதிவு செய்துவிட்டாரா? விண்ணப்பம் ஆறு வருஷமாக மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட கையோடு எமனுக்குத் தகவல் போய்விடும் என்று ஒரு பயம். இவ்வளவு படித்தவருக்கா என்று கேட்காதீர்கள். படிப்பு வேறு, பயம் வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாரத்திலிருந்து விழுந்த தச்சர் ஒருவருக்கு மூளைச்சாவு என்று உறுதியானது. வெளியே பெஞ்சில் அவர் மனைவி. உறவினரிடம் உறுப்பு தானம் கேட்கும் பேச்சை வழக்கமாகத் தலைமை நர்ஸ்தான் பேசுவார்.

"நானே பேசறேன் சிஸ்டர்" என்றார் மைக் டாக்டர்.

பேசினார். எட்டு விரல்களையும் விரித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"நெஞ்சு ஏறி எறங்குதே டாக்டர்?"

"அது மெஷின்மா."

"உங்க வீட்டம்மா இப்படிக் கெடந்தா, நீங்க குடுப்பீங்களா?"

"அது... அதாவதும்மா..."

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. தண்ணீர் குடிக்க அங்கே தம்ளரும் இல்லை.

தலைமை நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் தம்பிக்கு இப்படி ஆச்சும்மா. குடுத்தேன். நாலு நாள் சோறு எறங்கல. ஆனா தப்புப் பண்ணிட்டோம்னு ஒரு நாளும் தோணினதில்ல."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவரை மூஞ்சி கெடாம திருப்பிக் குடுப்பீங்கல்ல?"

"கெடாதும்மா. நான் கூடவே இருப்பேன்" என்றார் நர்ஸ்.

கையெழுத்துப் போட்டாள். இரண்டு சிறுநீரகமும் கல்லீரலும் மூன்று பேருக்குப் போயின.

மதியம் சாப்பாட்டை மறந்து, மைக் டாக்டர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டிராயரைத் திறந்தார். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் எழுதியாயிற்று. குடும்பத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஒடம்புக்கு ஏதாவதா?"

"சேச்சே. உறுப்பு தான ஃபார்ம்ல உன் கையெழுத்து ஒண்ணு வேணும்."

"நல்ல கதை போங்க! நான் பதிவு பண்ணி மூணு வருஷமாச்சு. சாட்சிக்கு உங்களைத்தான் தேடினேன். நீங்க எங்கேயோ உறுப்பு தானம் பத்திப் பேசப் போயிருந்தீங்க. உங்க தம்பி போட்டுக் குடுத்தார்."

டாக்டர் போனை வைத்தார். பிறகு பேனாவைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தன் கையெழுத்தைப் போட்டார். திறந்து பார்த்தார். எமன் வரவில்லை.

தெரிந்த டாக்டர் யாருக்காவது இதை அனுப்பிவைக்கலாம் என்று தோன்றுகிறதா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஒன்று: படித்ததும் அடுத்தவருக்கு அனுப்பத் தோன்றுவதுதான் இந்த ரகத்தின் முதல் அடையாளம்.