மழையை எடுக்கிற சாஃப்ட்வேர்

இலவசமாக வந்த பொருளில் எங்கள் ‘மைக்செட்டு’ அண்ணனைப் போலக் குறை கண்டுபிடித்த மனிதர் மரக்காணத்தில் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கவும் வேண்டாம், ஊர் தாங்காது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒலிபெருக்கி கட்டிக் கட்டியே சொந்தப் பெயரைத் தொலைத்தவர்.

அந்த டிசம்பரில் அவரிடம் சிக்கியவர்கள் செல்வியக்காவும் நானும். கூடவே என் லேப்டாப். அக்கா உப்பளத்தில் வேலை செய்பவர். துபாயில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் அம்மா குரலில் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தான். போனிலேயே பாடி அனுப்பலாம் என்றேன். பொய்சாட்சி சொன்னவனைப் பார்ப்பதுபோல மைக்செட்டு என்னைப் பார்த்தார். வீட்டிலேயே ஸ்டுடியோ தரத்தில் பதிய இலவச சாஃப்ட்வேர் எத்தனையோ இருக்கிறதாம். எது உத்தமம் என்று அவரே பரீட்சை வைப்பாராம்.

மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும். அக்கா வயல் வேலைக்குப் போய்விடுவார். மழை கொட்டுகிற அன்றுதான் பாட வருவார். மழை கொட்டினால் மைக்செட்டு வீட்டுத் தகரக் கூரை மேளம் வாசிக்கும். ஆகவே பரீட்சையில் ஒரே கேள்விதான்: பாட்டிலிருந்து மழைச் சத்தத்தை எடுத்துவிடுமா?

முதல் சாஃப்ட்வேர் மழையோடு அக்காவின் குரலையும் எடுத்துவிட்டது. இரண்டாவதில் அக்கா குடத்துக்குள் தலையை விட்டுப் பாடியதுபோல் கேட்டது. மூன்றாவதைத் திறந்தால் திரை முழுக்கப் பட்டன்கள்.

“ஏம்பா, பாட்டு பதியணுமா, பிளேன் ஓட்டணுமா?” என்றார் மைக்செட்டு.

நான்காவது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, சேமிக்கிற நேரத்தில் காசு கேட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றேன்.

“பல்லே இல்லாத மாட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

ஒருமுறை பாடியதையே எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கலாமே என்றால் அதற்கும் சம்மதிக்கவில்லை. அது எச்சில் இலையில் சோறு போடுகிற மாதிரியாம். ஒவ்வொன்றுக்கும் அக்கா புதிதாகப் பாடினார்.

“அண்ணே, ஏசு பொறந்து வளந்தே பூடுவாரு. என் பாட்டு போய்ச் சேராது” என்றார் ஆறாவது தடவை.

இருபத்து மூன்றாம் தேதி, ஏழாவது சாஃப்ட்வேர் மழையைத் துளி மிச்சமில்லாமல் துடைத்தது. அனுப்பினேன். அவசரத்தில், துடைக்காத பதிவும் கூடவே போய்விட்டது. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் மகனின் குரல் வந்தது: “யம்மா, மழையோட இருக்கறதுதாம்மா நல்லாருக்குது. இங்க ஏது மழை? ரூம்ல எல்லாரும் அதத்தான் போட்டுப் போட்டுக் கேக்குறோம்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தோடு மைக்செட்டு அடங்கிவிடுவார் என்று எனக்கு நிம்மதி. அவரோ மைக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“அப்ப மழைய நாம சரியா பதியவே இல்லியேப்பா. வா, எந்த சாஃப்ட்வேர்ல மழை நல்லா கேக்குதுன்னு மொதல்லேர்ந்து பாத்துடலாம்.”

லேப்டாப்பை மூடிக் குடையோடு எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டேன். தெருமுனை வரைதான். தூறல் விழுந்தது. மைக் நனைந்தால் மனுஷன் தாங்கமாட்டாரே என்று குடையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.